தானா மொளச்சதுங்க

எரியோடு பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்த் திரும்பும்போது, சாலையோரம் காய்ந்து நின்ற கிலுகிலுப்பைச் செடியில் நெற்று பறித்துக்கொண்டு வந்தேன். பட்டாம்பூச்சிகளும் தேனீக்களும் தேடி வரும் காட்டுச்செடி என்று செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். ஆடியில் எங்கள் வீட்டு மதிலை ஒட்டி விதையை ஊன்றினேன். அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். இடுப்பளவு வளர்ந்தும் பூக்கவில்லை. மழை பிடித்த பிறகுதான் பூக்கும் என்று எனக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது.

"என்னக்கா, வாசல்ல இம்புட்டுப் பொதரு?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டபோதெல்லாம், "பூக்கட்டும், பாரு" என்பேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளை நிச்சயம் செய்திருந்த வீட்டார் நிச்சயத்துக்குப் பிறகு முதன்முதலாகக் கீரனூரிலிருந்து வந்தார்கள். சம்பந்தி செவ்வந்தி போடுகிற விவசாயி. உள்ளே வந்தவர் செடிகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இதை யாரு வெச்சது?"

அவர் முகத்தில் கேலி ஒன்றும் இல்லை. ஆனாலும், அவர் தோட்டத்தில் பிடுங்கி எறிகிற களைக்கு நான் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சொல்ல எனக்குக் கூசியது.

"தானா மொளச்சதுங்க. புடுங்க ஆள் கெடைக்கல."

பக்கத்தில் நின்ற என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கெதுக்குங்க ஆளு? காய் புடிச்சு வெதை விழுந்தா அப்பறம் ஒழியாதுங்க" என்று சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"விடுங்க, காபி ஆறிரும்" என்று மட்டும் சொன்னேன். மழையில் நனைந்த மண்; அவர் இழுத்ததும் செடிகள் வேரோடு வந்தன. நுனியில் மொட்டு விட்டிருந்ததை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன்.

சாப்பாடு முடிந்து அவர்கள் கிளம்ப வெளியே வந்தபோது, வெயிலில் வாடிக் கிடந்த குவியல் முழுக்கப் பட்டாம்பூச்சிகள். கறுப்பில் வெளிர்நீலப் புள்ளி போட்டவை, வாடிய தண்டின் சாற்றை உறிஞ்சிக்கொண்டு கிட்டே போனாலும் பறக்கவில்லை. சம்பந்தி குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவதான் வெதை கொண்டாந்து ஊனுனா," என்றார் என் கணவர். "ஒங்ககிட்டச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மாத்திச் சொல்லிட்டா."

சம்பந்தியின் முகம் சுருங்கிவிட்டது. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டேனுங்களே."

வேரில் மண் ஒட்டியிருந்த சிலவற்றைப் பொறுக்கித் திரும்ப நட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டார். அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்தபடி வாளியைக் கொண்டுபோய் வைத்தேன்.

திரும்ப நட்டவை பிழைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவர் கண்ணில் படாமல் தப்பியவை கார்த்திகையில் மஞ்சளாகப் பூத்தன. கறுத்த பெரிய வண்டுகள் காலையிலேயே வந்துவிடும். எதிர்வீட்டுப் பெண்கூட வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

தையில் கல்யாணம். மண்டப வாசலில் சம்பந்தி தன் சொந்தக்காரர்களிடம் என்னைக் காட்டி, "இவங்க ஆசையா வளத்த செடிங்க, நாந்தான் வெவரமில்லாம புடுங்கிப் போட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். என் பொய்யால் வந்தது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சிரித்து வைத்தேன்.