முள்புழுக்களும் என் ஷட்டகரும்

என் ஷட்டகர், அதாவது என் மனைவியின் தங்கை கணவர், கரமனையில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். ஓய்வு பெற்ற கையோடு வீட்டில் ஒரு கடல்நீர்த் தொட்டி வாங்கி வைத்தார். பாறை, மணல், இரண்டு கோமாளி மீன்கள், நீல விளக்கு. என் மனைவி ஒரே வாரத்தில் ஐந்து தடவை அங்கே போய் வந்தாள். ஆறாவது தடவை போவதற்குள் எங்கள் கூடத்திலும் ஒரு தொட்டி வந்துவிட்டது. தம்பானூரில் அதே கடை, அதே மாதிரி மீன்கள். என்னுடையது நீளத்தில் ஆறு அங்குலம் கூடுதல்.

ஆறு அங்குலத்தால் ஒரு பிரயோஜனமும் ஏற்படவில்லை. அவர் தொட்டியின் மணல் சர்க்கரை மாதிரி வெளுத்திருந்தது. என்னுடையதில், விடியற்காலையில் விளக்குப் போடும் முன் டார்ச் அடித்துப் பார்த்தால், பாறையின் ஒவ்வொரு துவாரத்திலிருந்தும் ஒரு முள்புழு எட்டிப் பார்க்கும். இளஞ்சிவப்பு உடம்பு, இரண்டு பக்கமும் வெள்ளை மயிர். விரல் பட்டால் அந்த மயிர் முள்ளாகக் குத்தி நின்றுவிடும்; செல்லோடேப்பை ஒட்டிப் பிய்த்து எடுக்க வேண்டும். ஒரு நாள் ஒரு பாறையில் மட்டும் நாற்பத்தொன்று வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை.

இந்த நிலைமையில்தான் ஷட்டகர் எனக்கு ஒரு பரிசு கொடுத்தார். கடையில் அதை சோவா என்பார்கள். சட்டைப் பொத்தான் அளவுக்குப் பச்சைப் பூக்கள், ஒரு கல்லின் மேல் கூட்டமாக ஒட்டியிருக்கும். பூ மாதிரி தெரிந்தாலும் அவை உயிர்ப்பிராணிகள். வெளிச்சம் பட்டால் விரியும், பிடிக்காவிட்டால் மூடிக்கொள்ளும். மொத்தம் பதினாறு.

“அண்ணா, எங்கிட்ட ரொம்பப் பெருகிடுத்து. வைக்க இடமில்லை. நீங்க கொண்டு போங்கோ” என்றார்.

பெருகிவிட்டது என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டில் பெருகிக்கொண்டிருந்தது வேறு.

முதல் நாள் பதினாறும் விரிந்தன. மூன்றாம் நாள் ஒன்பது. அடுத்த வாரம் ஐந்து. புழுக்கள் அவற்றின் மேல் ஊர்ந்து போவதை நானே பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஷட்டகரின் மனைவி, என் மச்சினி, வந்தாள். தொட்டியின் முன் குனிந்து நின்று, “அத்திம்பேரே, எங்காத்துக் குழந்தைகள் இங்க வந்து தூங்கிண்டே இருக்கே” என்றாள்.

“இவர் எண்ணி எண்ணியே அதுகள் பயந்து வாயை மூடிண்டுடுத்து” என்றாள் என் மனைவி.

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையில் பெருகியது என் கையில் செத்தது என்று ஆகிவிட்டால், இரண்டு தெருவிலும் நான் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. செத்துப்போனால் அதே மாதிரி வேறு வாங்கி வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். மச்சினிக்குக் கண் கூர்மை. விட்டுவிட்டேன்.

புழுவைப் பிடிக்கப் பொறி வைக்க வேண்டும் என்றார் கடைக்காரர். துளை போட்ட குழாய்க்குள் செம்மீன் என்கிற இறால் துண்டை வைத்து மணலில் கிடத்தினால் புழுக்கள் உள்ளே போகுமாம். செம்மீன் எங்கள் வாசற்படி தாண்டாது. ஷட்டகர் மீன்களுக்குத் தருகிற செம்மீனை வைக்க வராந்தாவில் தனியாக ஒரு குட்டி ஃப்ரிட்ஜே வைத்திருக்கிறார். அதைப் பார்க்கும்போதும் வயிறு எரியும். நான் மீனுக்குப் போடும் உலர்ந்த தீனியைத் துணியில் முடிந்து குழாய்க்குள் வைத்தேன். ஏகாதசியன்று அதுவும் கூடாது என்றாள் மனைவி. ஒரு தடவைக்கு ஏழு, எட்டு என்று புழுக்கள் சிக்கின. எடுத்துப் போடப் போட, மறுபடியும் அத்தனையும் இருந்தன. மிஞ்சிய தீனியைத் தின்றுதான் பெருகுகின்றன என்று கேள்விப்பட்டு, நான் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முன் போடும் ஒரு சிட்டிகையையும் பாதியாகக் குறைத்தேன். அப்போதும் குறையவில்லை.

இன்னொரு குழாய் வாங்க ஒரு நாள் ஆரியசாலைக்குப் போனேன். கடை அடைத்திருந்தது, சீக்கிரமே திரும்பிவிட்டேன். மனைவி இலையில் சாதத்தைப் பரிமாறி வைத்துவிட்டு, தொட்டியின் முன் நின்று தீனியைத் தூவிக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றே?”

“பின்னே? வாயில்லாத ஜீவனுக்குப் போடாம நான் எப்படி இலையில உக்கார்றது?”

“நான் போட்டாச்சே.”

“நீங்க போட்டது உங்க சாப்பாட்டுக்காக்கும். எனக்கு நான் போட வேண்டாமா?”

சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்த மகனைக் கேட்டேன். “காலம்பற இட்லிக்கு முன்னாடி, ராத்திரி சப்பாத்திக்கு முன்னாடி. அம்மா சொன்னதுதானே அப்பா” என்றான். அவன் ஒரு நாள்கூடத் தவறியதில்லையாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு மூன்று, அவளுக்கு மூன்று, மகனுக்கு இரண்டு. இரண்டு மீன்களுக்கு ஒரு நாளைக்கு எட்டு வேளை சாப்பாடு. இதில் நான் மட்டும் என் பங்கைப் பாதியாக்கிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டில் எல்லாருக்குமாகச் சேர்த்து ஒருவர், ஒரு வேளை மட்டும் போடுவது என்று அன்று இரவே முடிவாயிற்று. யார் போடுவது என்பதில் ஒரு விவாதமும் இல்லை. மனைவி தீனி டப்பாவைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். அதன்பின் அவள் கூடத்துக்குள் நுழைந்தாலே மீன்கள் கண்ணாடிக்கு ஓடி வந்தன. நான் போய் நின்றால் பாறைக்குப் பின்னால் போய்விட்டன. அதையும் பொறுத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் புழுக்கள் குறைந்தன. சோவாக்கள் ஒவ்வொன்றாக விரிந்து, பதினாறும் விரிந்து, ஓரத்தில் புதிதாக மூன்று முளைத்தன.

ஷட்டகர் வரவேண்டும் என்று காத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நான் விளக்கைக் கூட்டி வைத்தேன். அவர் சோவாக்களைப் பார்க்கவே இல்லை. மணலுக்கு நேராகக் குனிந்து தேடினார்.

“அண்ணா, உங்ககிட்டப் புழு பாக்கி இருக்கோ?”

“என்னத்துக்கு?”

“ஒரு கோடு போட்ட மீன் வாங்கி விட்டிருந்தேன். அது எல்லாத்தையும் தின்னுடுத்து. இப்போ பேருக்கு ஒண்ணு போலும் இல்லை. அழுக்கைத் தின்ன ஆளில்லாம மணல் கறுத்துப் போச்சு, தொட்டி வெள்ளமே நாறறது. மீனைக் கடையில திருப்பிக் குடுத்துட்டேன். ஒரு பத்து புழு தருவேளா?”

என்னிடம் இருக்க, அவரிடம் இல்லாமல் போன முதல் பொருள் அது. நாளைக்கு வரச் சொன்னேன்.

“நன்னா பெரிசாப் பாத்துக் குடுங்கோ. அவர் நமக்கு நல்லதாத்தானே குடுத்தார்” என்றாள் மனைவி. விடியற்காலையில் பொறியை எடுத்து வாளியில் கவிழ்த்து, இடுக்கியோடு உட்கார்ந்தேன். பெரியவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டியிலேயே விட்டேன். நூல் மாதிரி இருந்த பத்தைப் பொறுக்கிப் புட்டியில் போட்டுக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

போன வாரம் மனைவி தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். “அங்க மணல் பழையபடி வெளுத்துடுத்து. நீங்க குடுத்த புழுவெல்லாம் என்ன பருமன்னு நினைச்சேள், சுண்டுவிரல் அளவு இருக்கு” என்றாள்.

மறுநாள் விடியலில் டார்ச்சோடு என் தொட்டியின் முன் உட்கார்ந்தேன். பதினொன்று தென்பட்டன. எதுவும் சுண்டுவிரல் அளவு இல்லை. தீனியை ஒரு சிட்டிகை கூட்டிப் போடச் சொல்லலாமா என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.