மலைக்குப் போகாத மலை வண்டி

இன்று காலை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டுத் திண்டுக்கல் திரும்பும் வழியில் டீசல் போட நின்றேன். பக்கத்தில் எங்கள் தெரு அண்ணன் ஒருவரின் வண்டி. அவருடையதும் என்னுடையதைப் போலவே அதே பிக்கப், அதே மாடல்.

"ஏத்தா, ஒன் வண்டி மட்டும் எப்புடி இம்புட்டு மைலேஜ் குடுக்குது? பொம்பளப்பிள்ள, மெதுவா உருட்டிக்கிட்டே போவியோ?" என்றார்.

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். முன்னால் இரும்பு பம்பர், மேலே இரும்பு கேரியர். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஏதாவது ஒன்று ஏறியிருக்கிறது.

"வெறும் வண்டியா போனாலும் இம்புட்டையும் சொமக்குதேண்ணே. கிரவுனும் மாத்திட்டீகளோ?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆமா, சிறுமலையில வாழத்தார் ஏத்துறதுக்காக மாத்துனது. என்னா இழுவைங்கிற."

பின் அச்சில் இருக்கும் கிரவுன் என்கிற அந்தப் பல்சக்கரத்தை இப்படி மாற்றினால் ஏற்றத்தில் இழுவை கூடும். ஆனால் சமதளத்தில் அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகச் சுற்ற வேண்டும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

"கடைசியா எப்பண்ணே மலைக்குப் போனீக?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"மக கல்யாணத்துக்கு முந்தி."

அந்த மகளின் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

"சரித்தா, கிரவுன பழையபடி மாத்திருவோம். பம்பர் மட்டும் கெடந்துட்டுப் போகட்டும்" என்றார்.

என் வண்டியில் கூடுதலாக இருப்பது முன்கண்ணாடியில் எழுதிய என் பெயர் மட்டும்தான். இன்று கொஞ்சம் பெருமையும் ஏறிக்கொண்டது. அது டீசல் குடிப்பதில்லை.

உங்கள் வண்டியில் எதெல்லாம் சும்மா ஏறி உட்கார்ந்திருக்கிறது?