ஆற்றோடு போன கிளாக்கரின் காப்புறுதி

வே கங்கை பெருக்கெடுத்த வைகாசி மாதம் கஹவத்தைத் துறையிலிருந்து புறப்பட்ட தோணி, மறுநாள் வெகுதூரம் கீழே ஒரு மூங்கில் புதரில் மோதிக் கவிழ்ந்து கிடந்தது. ரப்பர் தோட்டத்துத் துரையின் தபால் பை மூங்கில் வேரில் தொங்கியது. அந்தப் பையை எடுத்துக்கொண்டு போன தோட்டத்துக் கணக்கெழுதும் கிளாக்கர் ஏரம்பமூர்த்தியைக் காணவில்லை. தோணிக்காரன் பொடிசிஞ்ஞோவையும் காணவில்லை.

தோட்டத்து ஆட்கள் ஒரு கிழமை கரையெல்லாம் தேடினார்கள். பிறகு துரை போதும் என்றுவிட்டார். ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம். மரத்தில் பால் வெட்டு நிற்கக்கூடாது.

கிளாக்கரின் மனைவி கனகாம்பிகை அழுது முடிக்கவில்லை. அதற்குள் கிளாக்கர் வீட்டைப் புதியவருக்கு விடவேண்டும் என்று ஆள் வந்து சொன்னான். ரதி, விமலாதேவி என்று இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் பிறந்த ஆண்டிலேயே ஏரம்பமூர்த்தி தன் உயிருக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். தவணை வந்தால் வீட்டுச் செலவுக்கு முன்னால் அதைத்தான் கட்டுவார். “நான் இல்லாட்டிலும் பிள்ளையளின்ரை படிப்பு நிக்கப்படாது” என்பார். விளக்கு வைக்கிற நேரத்தில் உந்தக் கதை வேண்டாம் என்று அவள் சினப்பாள். இப்போது அந்தப் பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு இரத்தினபுரிக்குப் பஸ் ஏறினாள்.

காப்புறுதிக் கம்பனியின் ஏஜெண்ட் செல்வரத்தினம் யாழ்ப்பாணத்து இளைஞன். மரியாதையாகக் கதிரை போட்டுக் கொடுத்தான்.

“பொலிசி சரி அக்கா. மரண அத்தாட்சி எங்கை?”

“பிரேதம் இல்லாமல் பதியமாட்டினமாம், தம்பி.”

“அப்ப கம்பனியும் தராது. ஆளைக் காணேல்லை எண்டால் ஏழு வருசம் பொறுக்கவேணும்.” அவன் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: “நீங்கள் முதல் காயிதம் போட்ட உடனை கம்பனி உங்கடை துரையிட்டை விசாரிச்சு எழுதினது. ‘வேலைக்குத் திரும்பி வரவில்லை’ எண்டுதான் மறுமொழி வந்திருக்குது.”

“ஓடிப்போனார் எண்டு எழுதியிருக்கிறாரோ?”

“அப்பிடி எழுதேல்லை. ஆனால் தோணிக்காரனையும் சேத்துக் காணேல்லை எண்டபடியால், வாசிக்கிறவை அப்பிடித்தான் நினைப்பினம்.”

கனகாம்பிகைக்கு முகம் சுட்டது. பிள்ளைகளிடம் சொல்லாமல் வாசல் படலை தாண்டாத மனிதரைப் பற்றி இப்படி ஒரு பேச்சு. “சாட்சி கொண்டுவந்தால்?” என்று கேட்டாள்.

“கண்ணாலை கண்ட சாட்சி இருந்தால் கோட்டுக்குப் போகலாம். நீதவான் ஏற்றால் கம்பனியும் ஏற்கும்.”

அவள் வீடு திரும்பியபோது கணவரின் தம்பி தருமலிங்கம் காரைநகரிலிருந்து வந்து காத்திருந்தார். மூட்டை முடிச்சைக் கட்டச் சொன்னார்.

“மச்சாள், அண்ணை வருவார் எண்டு சாத்திரி சொன்னவராம். அம்மா அந்தச் சொல்லிலைதான் உயிரை வைச்சிருக்கிறா. நீங்கள் செத்துப்போனார் எண்டு கோட்டிலை போய்ச் சொன்னால் அவ தாங்கமாட்டா. ஊருக்கு வந்து எங்களோடை இருங்கோ.”

“அவர் எங்கையோ சுகமா இருக்கிறார் எண்டால், எங்களைக் கைவிட்டிட்டுப் போனவர் எண்டுதானே கதை? அந்தப் பேரை நான் அவருக்கு வாங்கிக் குடுக்கமாட்டன். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் இதை முடிச்சுப்போட்டு வாறன்.”

தருமலிங்கம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் பிள்ளைகளின் தலையை வாரிப் பின்னி அவருடன் பஸ் ஏற்றிவிட்டாள். வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு, பெட்டியுடன் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனாள். மூக்காயி தன் ஒற்றையறைக் காம்பிராவில் அவளுக்கு இடம் கொடுத்தாள். மூக்காயி பால் வெட்டும் பெண். கிளாக்கர் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தவள். கிளாக்கரம்மா லயத்தில் படுப்பதா என்று வேலை வாங்கும் கங்காணி முதற்கொண்டு எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

மூக்காயிதான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள். “தோணிக்காரன் உசுரோடதான் இருக்கானாம்மா. கொடக்கவெலை சந்தையில எங்க ஆளுங்க பாத்திருக்காங்க. கூப்பிட்டதும் கூட்டத்துக்குள்ள பூந்து ஓடிட்டானாம். பொஞ்சாதி ஊரு அந்தப் பக்கந்தான்.”

“நாளைக்குப் போவம்.”

“வேலைக்குப் போகாட்டிக் கங்காணி பேரு போட மாட்டாரும்மா, நாள் சம்பளம் போயிரும்,” என்ற மூக்காயி, சிறிது யோசித்துவிட்டு, “போடாட்டிப் போறாரு. உங்களுக்குச் சிங்களம் அரையுங்குறையும்தானே வரும், நான் வர்றேன்,” என்றாள்.

கொடக்கவெலையிலிருந்து மண்பாதை. அட்டை காலில் ஏற ஏறத் தட்டிவிட்டுக்கொண்டு இருவரும் நடந்தார்கள். காடு வெட்டிக் குரக்கன் விதைத்த சேனை ஓரத்தில் ஒரு களிமண் வீடு. இவர்களைக் கண்டதும் பொடிசிஞ்ஞோ பின்பக்கமாக இறங்கிப் போகப் பார்த்தான். அவனுடைய மனைவியே அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். இத்தனை நாளும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவள் மூக்காயியிடம் சொன்னாள்.

அவன் நிமிர்ந்து பார்க்காமல் சிங்களத்தில் பேசினான். மூக்காயி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“நடு ஆத்துல மரம் ஒண்ணு வந்து தோணிய இடிச்சிருச்சாம். ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள. இவரு ஒரு கிளையப் புடிச்சுக்கிட்டு, மத்தக் கையால நம்ம ஐயா கையப் புடிச்சிருந்தாராம்.” மூக்காயி நிறுத்தினாள்.

“சொல்லு, மூக்காயி.”

“கை வழுக்கிப் போச்சாம்மா. நான்தான் விட்டேன், போலிஸு என்னயத் தூக்குல போட்டுரும்னு சொல்றாரு.”

கனகாம்பிகை தாழ்வாரத்துத் திண்ணைக் குந்தில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் கடைசியாகப் பிடித்திருந்த கை எதிரே இருந்தது. முழங்கைவரை மரப்பட்டை கிழித்த தழும்பு. கோபம் வந்தால் நன்றாயிருக்கும் போலிருந்தது, வரவில்லை. அழுகைதான் வந்தது. 

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “மூக்காயி, இவருக்குச் சொல்லு. அவர் தனிச்சுப் போகேல்லை, ஒரு மனுசன் கையைப் பிடிச்சவன் எண்டதைக் கேக்க எனக்கு ஆறுதலாயிருக்கு. இதை அப்பிடியே கோட்டிலை சொல்லவேணும். நான் இவரிலை ஒரு பிழையும் சொல்லமாட்டன், அதையும் நான் கோட்டிலையே சொல்லுவன்.”

அவன் உடனே சம்மதிக்கவில்லை. மனைவி ஏசினாள்; அவன் சேனைப் பக்கம் போய் நின்றான். கனகாம்பிகை எழுந்திருக்கவில்லை. அன்றிரவு அங்கேயே தங்கினார்கள். விடிந்ததும் அவன் வெள்ளைச் சாரம் உடுத்து, தலைமுடியை முடிந்து, தன் ஊர் ஆண்களின் வழக்கப்படி சீப்பைச் செருகிக்கொண்டு வந்து நின்றான்.

செல்வரத்தினம் காட்டிவிட்ட சட்டத்தரணி, ஒரு புறக்டர், கோட்டில் மனுவைப் போட்டார். வழக்குக்கு முதல்நாள், “நாளைக்குப் பொட்டும் தாலியும் இல்லாமல் வாங்கோ. பாக்கிறவைக்கு நம்பிக்கை வரும்,” என்றார்.  மறுநாள் கனகாம்பிகை இரண்டுடனும்தான் வந்தாள்.

பொடிசிஞ்ஞோ சாட்சி சொன்னான். கை வழுக்கியதைச் சொல்லும்போது தழும்புக் கையை நீட்டிக் காட்டினான். நீதவான் அதைக் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். அடுத்து கனகாம்பிகை ஏறினாள். கம்பனிப் பக்கத்து வழக்கறிஞர் எழுந்து அவள் நெற்றியைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்.

“புருஷன் இறந்துவிட்டார் என்கிறீர்கள். அப்படியானால் ஏன் சுமங்கலியாக வந்து நிற்கிறீர்கள்? உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?”

மொழிபெயர்ப்பாளர் முடிப்பதற்குள் அவள் சொன்னாள்: “என்ரை மாமிக்கு இன்னும் நான் நேரிலை சொல்லேல்லை. பெத்தவவுக்கு முதல் ஊருக்குச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை. பணத்துக்காகப் பொட்டை அழிச்சுக்கொண்டு வந்து நிக்கவும் எனக்கு விருப்பமில்லை. அவர் செத்துப்போனார் எண்டு எனக்குத் தெரியும் ஐயா. கடைசியாக் கையைப் பிடிச்ச மனுசன் அதிலை நிக்கிறார். அவரிலை ஒரு குற்றமும் இல்லை.”

வழக்கறிஞர் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

தோணி உடைந்தது, பை கிடைத்தது, சாட்சி ஆற்றிலேயே நின்று கண்டது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஏரம்பமூர்த்தி அன்றே வே கங்கையில் இறந்தார் என்று நீதவான் தீர்ப்புச் சொன்னார். ஆவணியில் கம்பனி மறுப்பில்லாமல் பணத்தை அவள் பெயருக்கே அனுப்பியது.

அவள் முதல் வேலையாகக் காரைநகருக்குப் போனாள். மாமியின் காலடியில் இருந்து, தோணிக்காரன் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள்.  “கையைப் பிடிச்சவனோ?” என்று கிழவி ஒன்றுமட்டும் கேட்டாள். பிறகு தானே மருமகளின் நெற்றியைத் துடைத்துவிட்டு, மகனுடைய காரியத்துக்கு நாள் பார்க்கச் சொன்னாள்.

காரியம் முடிந்தபின் தருமலிங்கம் பணத்தைத் தன் பொறுப்பில் விடும்படி கேட்டார். “பிள்ளையள் என்ரை பொறுப்பு, அதுவும் அப்பிடித்தான்,” என்று கனகாம்பிகை சொல்லிவிட்டாள். இரத்தினபுரி டவுனில் சின்ன வீடொன்று எடுத்து, பிள்ளைகள் இருவரையும் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். தோட்டத்துப் பெண்கள் யாராவது புருஷனையோ மகனையோ பறிகொடுத்து, பதிவுக்கும் கோட்டுக்கும் வழி தெரியாமல் நின்றால், மூக்காயி அவர்களை அந்த வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு வருவாள். கனகாம்பிகை அவர்களை இருத்தி, தேத்தண்ணி கொடுத்துவிட்டு, “கடைசியாப் பாத்த ஆள் ஆர்?” என்று விசாரிக்கத் தொடங்குவாள்.