பட்டியலின் முதல் பெயர்

நோர்வேயின் வடக்கில் 'ஆம்' என்று சொல்வதற்கு மூச்சை உள்ளே இழுத்தால் போதும். 'யா' என்ற சொல் வெளியே வராமல் காற்றோடு சேர்ந்து தொண்டைக்குள் போய்விடும். ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் நான் வெட்டுவது சரியா என்று கையால் கேட்டேன். அவர் திடீரென்று மூச்சை இழுத்தார். எங்கள் ஊரில் ஒருத்தி மூச்சை அப்படி இழுத்தால் யாரோ செத்துப்போன செய்தி வந்திருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் அவளுக்கு முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா. நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அவர் ஏன் என்று தெரியாமலே குடித்துவிட்டு நன்றி சொன்னார். அன்று பின்னேரத்துக்குள் நான்கு கோப்பை தண்ணீர் கொடுத்துவிட்டேன். ஐந்தாவது முறை அவர் இரண்டு கைகளாலும் கும்பிடாத குறையாக மறுத்தபோதுதான், இந்த ஊரில் சம்மதத்தின் சத்தமே இதுதான் என்று எனக்கு விளங்கியது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், அந்த மூச்சுத்தான் பல வருடங்களுக்குப் பிறகு ஒஸ்லோவில் என்னை ஒரு போராட்டத்தின் தலைவி ஆக்கியது. நான் இருபத்திரண்டு வருடமாக இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அதே தளத்தில் வேலை செய்யும் தூரி, ஹம்மர்பெஸ்ட்டில் பிறந்தவர். அந்த ஊரின் காற்றுக்குத் தப்பி வந்தவர்கள் என்ற ஒரே காரணத்தால் நாங்கள் இருவரும் சிநேகிதிகள் ஆனோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போவார்; ஒன்றும் வாங்காமல் நான்கு மணித்தியாலம் சுற்றிவிட்டு வருவோம். அவருடைய வடக்கு நோர்வேஜிய மொழியை நான் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் எழுத முடியும். வடக்கும் வடக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

எங்கள் இல்லத்து நிர்வாகம் ஓர் அமைப்போடு ஒப்பந்தம் செய்திருந்தது. பால்நிலை விடயங்களில் குரல் கொடுக்கும் அமைப்பு. அவர்கள் வந்து வகுப்பெடுப்பார்கள். முடிவில் வாசலில் மாட்ட வானவில் நிறச் சான்றிதழ் ஒன்று தருவார்கள். நாங்கள் எல்லோரும் எங்களை 'ஹான்' என்று, அதாவது அவன் என்று, அழைக்க வேண்டுமா, 'ஹுன்' என்று, அதாவது அவள் என்று, அழைக்க வேண்டுமா, அல்லது இரண்டுமில்லாத 'ஹென்' என்றா என்பதைக் காட்டும் பட்ஜ் ஒன்றைச் சட்டையில் குத்த வேண்டும். எனக்கு 'ஹுன்' கிடைத்தது. என் காதுக்கு ஹானும் ஹுனும் ஒரே மாதிரித்தான் கேட்கும். தாடி வைத்த ஒரு முதியவரைப் பற்றி 'அவள் இன்று நன்றாகச் சாப்பிட்டாள்' என்று அறிக்கை எழுதிய அனுபவம் எனக்கு உண்டு. பட்ஜ் வந்ததும், குறைந்தபட்சம் என்னைப் பற்றியாவது பிழை விட மாட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

தூரி சந்தோஷப்படவில்லை. வகுப்பில் அவர் பெண்கள் உடை மாற்றும் அறையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். வகுப்பெடுத்தவர், இது இங்கே கேட்கும் கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டார். சின்ன வயதிலிருந்து பெண்கள் தின ஊர்வலங்களில் பதாகை பிடித்த மனிசிக்கு அது தாங்கவில்லை. நிர்வாகம் அந்த அமைப்போடான தொடர்பை வெட்ட வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதி, ஆதரவாளர்களின் பெயர்களைச் சேர்க்கத் தொடங்கினார். இதற்கு இங்கே 'ஒப்ரூப்' என்று பெயர். நம்முடைய 'ஒப்பம்' என்ற சொல்லை யாரோ வெள்ளைக்காரர் திருடிக்கொண்டு போனது போல இருக்கும்.

"ஒரு வேலைத்தலம் ஆரின்ரை கருத்தையும் வாங்கி எங்கடை சட்டையிலை குத்தக்கூடாது. நீ என்னோடைதானே? உன்ரை பேரையும் போடட்டோ?" என்று தூரி இடைவேளையில் கேட்டார். அந்த நேரம் பார்த்து நான் கோப்பியை வாயில் வைத்தேன். அது கொதிகோப்பி. நாக்கு வெந்து, நான் மூச்சை உள்ளே இழுத்தேன்.

தூரி என் தோளில் தட்டி, பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கடிதத்தில் பெயர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில் இருந்தன. நோர்வேயில் என் குடும்பப் பெயர் என்பது என் அப்பாவின் பெயரான ஆறுமுகம். ஆகவே ஆங்கில 'ஏ' எழுத்தில் நான் எல்லோருக்கும் முதலில். தூரியின் குடும்பப் பெயரோ நோர்வேஜிய அரிச்சுவடியின் வால்பக்கத்தில் வரும், கோடு போட்ட 'ஓ'வில் தொடங்குவது. போராட்டத்தைத் தொடக்கியவர் பட்டியலின் அடியில். நாக்குச் சுட்டவள் உச்சியில். இரண்டு நாளில் எங்கள் மேலாளர் ஐரிக் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

அந்தப் படிக்கட்டில் ஏறும்போது என் கால்கள் ஒஸ்லோவில் இருக்கவில்லை. எனக்குப் பதினேழு வயதில், இராணுவத்தினர் எங்கள் ஊரையெல்லாம் ஒலிபெருக்கியில் கூப்பிட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தினார்கள். முகத்தை மூடிய ஒருவன் ஜீப்புக்குள் இருந்தான். நாங்கள் வரிசையாக அவனுக்கு முன்னால் நடந்தோம். அவன் தலையாட்டினால் ஆள் போய்விடும். எனக்கு முன்னால் நடந்த பக்கத்து வீட்டு அண்ணாவுக்குத் தலை ஆடியது, எனக்கு ஆடவில்லை. அன்றிலிருந்து, எழுதிய பட்டியல் எதிலும் என் பெயர் வரக்கூடாது என்பதே என் அரசியலாக இருந்தது. வந்தாலும் நடுவில், யாருடைய கண்ணும் படாத இடத்தில் வரவேண்டும்.

ஐரிக் எனக்குக் கோப்பி ஊற்றினார். கறுவாப்பட்டை மணக்கும் பணிஸ் ரொட்டி ஒன்றைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினார். "நிர்வாகத்தை எதிர்த்து முதல் ஆளாப் பேர் குடுத்திருக்கிறீங்கள். நான் உங்களோடை உடன்படேல்லை. ஆனால் நீங்கள் துணிச்சலான ஆள்" என்றார்.

உண்மையைச் சொல்லத்தான் வாய் எடுத்தேன். ஆனால் 'துணிச்சல்' என்ற சொல் அதற்குள் தலைக்கேறிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக என்னை இங்கே 'பிளிங்க்' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள். கெட்டிக்காரி, சொன்ன வேலையைச் செய்பவள் என்று அர்த்தம். வெளிநாட்டுக்காரர் எல்லோரும் பிளிங்க். ஒருவரும் துணிச்சலானவர் இல்லை. அடுத்த கிழமை நடக்கும் ஊழியர் கூட்டத்தில் பத்து நிமிடம் பேச முடியுமா என்று ஐரிக் கேட்டார். நான் மூச்சை உள்ளே இழுத்தேன், இந்த முறை கோப்பி இல்லாமலே. படியிறங்கி வரும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலாளிக்கு எதிரான பட்டியலில் முதல் பெயர் என்னுடையது, என் கையில் பாதிப் பணிஸ்! இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினேன்.

ஹொல்ம்லியாவில் வீட்டுக் கதவைத் திறந்ததும் மயக்கம் தெளிந்தது. என் மகள் ஆரணி, இங்கேயே பிறந்து சட்டம் படிப்பவள், கடிதத்தின் பிரதியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு நின்றாள். "அம்மா, உங்கட பேர் உச்சியிலை நிக்குது! இதை வாசிச்சனீங்களோ? என்ர வென்னர் எல்லாருக்கும் தெரியப்போகுது. எவ்வளவு பிளௌட் தெரியுமோ?" வென்னர் என்றால் சிநேகிதர்கள், பிளௌட் என்றால் மானக்கேடு. வீட்டில் இந்தச் சொல்லை நான் வாரம் ஒருமுறையாவது கேட்பேன்.

"வாசிக்கேல்லை" என்றேன்.

"வாசிக்காமலோ போட்டனீங்கள்?"

"போடவும் இல்லை. நாக்குச் சுட்டது."

அவள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு இருவருமாகக் கடிதத்தை வாசித்தோம். இரண்டு பந்திகள் இருந்தன. முதலாவது, ஒப்பந்தத்தை நிறுத்து, பட்ஜைக் கட்டாயப்படுத்தாதே, கேள்வி கேட்பவரின் வாயை அடைக்காதே என்றது. கட்டாயமாகச் சட்டையில் எதையும் குத்துவது எனக்கும் பிடிக்காது. எந்தப் பக்கத்து அடையாளத்தைக் காட்டினால் உயிர் தப்பலாம் என்று சந்திக்குச் சந்தி யோசித்த ஊரிலிருந்து வந்தவள் நான். இரண்டாவது பந்தியில், பெண்கள் உடை மாற்றும் அறை பெண்ணாகப் பிறந்தவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. பெயர் எழுதவில்லை. ஆனால் எங்கள் தளத்தில் எல்லோருக்கும் தெரியும், அது லின்னைப் பற்றியது. போன வருடம்வரை வேறு பெயரோடு ஆணாக எங்களோடு வேலை செய்தவர் லின்.

யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் இருக்கும் அக்காவுக்கு வீடியோ அழைப்பில் நடந்ததைச் சொன்னேன். ஹென் என்ற சொல்லை விளங்கப்படுத்தியபோது, "கோழியோ? இங்கிலிசிலை அது கோழியெல்லோ?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பட்டியல் என்றதும் சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, உடனை போய்ப் பேரை வெட்டச் சொல்லு" என்றார். அவருக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. எழுந்துபோய் அதைச் சாத்திவிட்டு வந்தார்.

அடுத்த நாள் மதியம் லின்னைத் தேடினேன். கடிதம் வந்த பிறகு அவர் சாப்பாட்டு அறைக்கு வருவதில்லை. துவாய்கள் அடுக்கும் அறையில், ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். பட்டியலின் முதல் பெயர் அல்லவா வந்து நிற்கிறது! நான் இன்னொரு மூட்டையில் உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்கவேண்டியதை மறந்து, முதலில் கோப்பிக் கதையைச் சொல்லிவிட்டேன். லின் பாண் புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தார். உங்கள் மொழியில் எனக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். கதைக்கும்போது பெண்ணை மரியாதையாக 'அவ' என்போம், எழுதும்போது 'அவர்' என்று எழுதிவிடுவோம், அதில் மரியாதை மட்டும்தான் தெரியும், ஆணா பெண்ணா என்று தெரியாது என்றேன். "அப்ப என்னை எழுதுங்கோ" என்றார் லின். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"இந்தப் பட்ஜ் உங்களுக்கு வேணுமோ?" என்று கேட்டேன்.

"நான் கேட்கவே இல்லை. நான் கேட்டது உடுப்பு மாத்தப் பூட்டுற கதவு ஒண்டு. அவையள் சான்றிதழ் வாங்கித் தந்தினம்."

கூட்டத்தில் ஏறக்குறைய அறுபது பேர். ஆரணி எழுதித்தந்த பேச்சை நான் எடுக்கவில்லை. தூரி எழுதித்தந்ததையும் எடுக்கவில்லை. வெறுங்கையோடு எழுந்து நின்றேன். முதலில் கொதிகோப்பியைச் சொன்னேன். மண்டபம் அதிர்ந்தது. தூரியின் முகம் தக்காளிப்பழம் ஆனது. பிறகு சொன்னேன்: முதல் பந்தியின் கீழ் என் பெயர் நிற்கட்டும், இப்போது வாசித்து, விளங்கித்தான் சொல்கிறேன். இரண்டாவது பந்தியின் கீழ் வேண்டாம். கதவுக்குப் பூட்டுப் போட வேண்டிய இடத்தில் ஒரு மனிசியைப் பூட்டி வைக்கக்கூடாது.

ஐரிக் கையுயர்த்தினார். ஒரு கடிதத்துக்குப் பெயரைப் பாதியாகக் கொடுக்க முடியாது, ஒன்று உள்ளே, அல்லது வெளியே என்றார்.

"ஜெயந்தி என்பது என் பெயர். இருபத்திரண்டு வருடமாக நீங்கள் எல்லோரும் 'யெய்' என்றுதான் கூப்பிடுகிறீர்கள். பாதிப் பெயர் இவ்வளவு காலமும் நன்றாக வேலை செய்திருக்கிறது" என்றேன்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. முடிவு இந்த நாட்டு வழக்கப்படி ஒருவருக்கும் முழுதாகக் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் முடியும்போது புதுப்பிக்கப்படாது. பட்ஜ் விரும்பியவர்களுக்கு மட்டும். உடை மாற்றும் அறைகளில் பூட்டுள்ள தனித்தடுப்புகள் கட்டப்படும். அதுவரை லின்னை யாரும் எங்கும் போகச் சொல்லக்கூடாது. முதல் பாதியில் வென்ற தூரி இரண்டாம் பாதிக்காக என்னோடு கோபித்தார். ஆரணிக்கு முதல் பாதியில் கோபம். "நீயும் தூரியும் சேர்ந்தால் எனக்கு ஒரு முழு எதிரி" என்று மகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கோழிப் படம் வந்தது.

அன்று பின்னேரம் மூன்றரை மணி ரயிலில் தூரி, லின், நான் மூவரும் தற்செயலாக ஏறினோம். தூரி ஒரு பக்கத்து யன்னலோரம். லின் மறுபக்கத்து யன்னலோரம். நோர்வேக்காரர் ரயிலில் பக்கத்து இருக்கையில் பையை வைப்பதே யாரும் வந்து இருக்கக்கூடாது என்பதற்குத்தான். நான் நடைபாதையில் வந்து நின்றதும், முதலில் லின் தன் பையை எடுத்து மடியில் வைத்தார். தூரி கொஞ்சநேரம் கடலைப் பார்த்தார். பிறகு அவரும், என்னைப் பார்க்காமலே, தன் பையை எடுத்தார். இரண்டு இருக்கைகள் எனக்காக. கைப்பேசியில் அக்கா அழைத்துக்கொண்டிருந்தார். பேரை வெட்டிவிட்டேனா என்று கேட்கத்தான். ரயில் ஃபியோர்ட் என்ற கடல்நீரேரியின் ஓரமாக வளையும்போது ஒருமுறை தூரியின் பக்கம் சாய்ந்தேன்; அடுத்த வளைவில் லின்னின் பக்கம். இருக்கச் சொல்லி இரண்டு பேரும் கண்ணால் கேட்டார்கள். நான் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அதிர்ந்துகொண்டிருந்த சாவகச்சேரியையும் பிடித்தபடி, கால்களை அகட்டி வைத்து, சிரித்துக்கொண்டே ஹொல்ம்லியா வரை நின்று வந்தேன்.