கன்னியம்மாளின் கழுத்தும் என் கோபமும்

பிரசவம் பார்க்கிற தொழிலில் குழந்தையை வெளியே எடுப்பது ஒரு நாள் வேலை. அதுவரைக்கும் அந்த வீட்டு மனுஷர்களிடமிருந்து தாயைக் காப்பாற்றுவதுதான் பத்து மாத வேலை.

ஆம்பூரில் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் நான் நர்ஸாக இருந்தேன். என்னைப் போலவே வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பல்லைக் கடித்த சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் என்னை வாயாடி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். எனக்குக் கோபம் வந்த கதைகளை எல்லாம் எழுதினால் காகிதம் போதாது. ஆகையால் ஒரே ஒருத்தி விஷயத்தில் வந்ததை மட்டும் சொல்கிறேன். அவள் பெயர் கன்னியம்மாள்.

கறுப்புக் கயிறு

கன்னியம்மாளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். புருஷன் முனுசாமிக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில், தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் வேலை. இரண்டு கர்ப்பம் பாதியிலேயே கலைந்து, மூன்றாவது நான்கு மாதமாக இருக்கும்போது என்னிடம் வந்தாள். முகம் ஊதியிருந்தது, குரல் கம்மியிருந்தது. வைகாசி வெயிலில் குளிருகிறது என்று போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கழலை. டாக்டர் பார்த்துவிட்டு, தொண்டைச் சுரப்பி வேலை செய்யவில்லை, தினம் ஒரு தைராய்டு மாத்திரை கொடுக்காவிட்டால் இந்தக் கர்ப்பமும் தங்காது, இவள் உயிருக்கும் உத்தரவாதமில்லை என்றார்.

கழலையைப் பார்க்கலாம் என்று போர்வையை விலக்கினால், கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. ஆலங்காயத்தில் ஒருவனிடம் மந்திரித்து வாங்கியதாம். கழலை மேற்கொண்டு வளராமல் இருக்க மாமியார் அஞ்சலை அதை இறுக்கிக் கட்டியிருந்தாள். கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. எச்சில் விழுங்கக்கூட அந்தப் பெண் கஷ்டப்பட்டாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்து நறுக்கிப் போட்டேன். அஞ்சலை எழுந்து நின்று, தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"கயித்த அறுத்துட்டியே, இனிமே கழல வயித்துக்கு எறங்கினா நீயா பெத்துக் குடுப்ப?"

இரண்டு சத்தம்

ஆறாம் மாதம், குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு கேட்கிற மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்டேன். வலது பக்கம் ஒரு சத்தம், இடது பக்கம் வேறொரு சத்தம். டாக்டரும் கேட்டுவிட்டு இரட்டைதான் என்றார். கன்னியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போன இரண்டும் சேர்ந்து திரும்பி வந்துவிட்டதாக அவளுக்கு ஒரு எண்ணம்.

அஞ்சலைக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. "ரெட்ட வாழப்பழம் துன்னியாடி?" என்று மருமகளை அங்கேயே விசாரித்தாள். அதோடு விட்டாளா? இரண்டும் வயிற்றுக்குள் பெருத்துவிட்டால் வெளியே வராது என்று அன்றிலிருந்து சோற்றைப் பாதியாக்கினாள். காலையில் ஒரு கிண்ணம் கூழ், சாயங்காலம் ஒரு பிடி சோறு. இரண்டு உயிரைச் சுமக்கிறவளுக்கு ஒரு உயிருக்கான சாப்பாடுகூட இல்லை! வீட்டுக்கே போய்க் காட்டுக்கத்தல் கத்திவிட்டு வந்தேன். வாசல்வரை கூடவே வந்த முனுசாமி, அம்மா காதில் விழாமல் சொன்னான்.

"நர்ஸம்மா, பாத்தது தப்பு, ஒண்ணுதான் இருக்குதுன்னு எங்கம்மாகிட்ட சொல்லிடுங்க, பாவம் அது வயிறாரத் துன்னட்டும், பொறந்தப்புறம் ரெண்டாவதுக்கு நான் இன்னாவாவது சொல்லிக்கிறேன்."

காப்பு கட்டின பத்து நாள்

மாத்திரை நன்றாக வேலை செய்தது. முகத்து வீக்கம் வடிந்தது, குரல் தெளிந்தது, குழந்தைகளும் துள்ளின. ஆடி பிறந்தது. எங்கள் கம்பவுண்டர் ரத்தினத்துக்குத் தனக்குத் தெரிந்ததை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. மருந்து வாங்க வந்த அஞ்சலையிடம், "இது சீமையிலேர்ந்து வருது. ஆட்டுத் தொண்டையில இருக்கிற சதையக் காயவெச்சு இடிச்சுப் பண்றது" என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்.

தெரு அம்மனுக்குக் காப்பு கட்டியாகிவிட்டது. கூழ் ஊற்றுகிற வரைக்கும் அந்த வீட்டில் கவிச்சி ஆகாது. பத்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்! முனுசாமி விடிந்தால் ஆட்டுத் தோலோடுதான் கிடக்கிறான். வீடு திரும்பினால் அந்த வாடை தெருமுனைக்கே வரும். அதனால் அம்மனுக்கு ஒரு குறையும் இல்லையாம். கர்ப்பிணி விழுங்குகிற கடுகளவு மாத்திரையில்தான் தெய்வக் குற்றம் வந்துவிடுமாம். பதினோராம் நாள் கன்னியம்மாளைக் கூட்டி வந்தபோது அவளுக்குக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. இடது பக்கத்துச் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது. நான் ரத்தினத்தைப் பிடித்துக்கொண்டேன். உமக்கு வாய் இருக்கிறதா, ஓட்டைப் பானையா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஒரு வைத்தியசாலையில இருந்துகிட்டுப் பொய் சொல்லச் சொல்றீங்களா, நர்ஸம்மா?"

சுண்ணாம்புக் குழிக் கணக்கு

இந்த இடத்தில் என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு நான் முனுசாமியையும் விடவில்லை. மீந்துபோன பத்து மாத்திரையை அவன் உள்ளங்கையில் கொட்டி, "எண்ணிப் பாரு! இந்தப் பத்தும் உன் பெண்டாட்டி வயித்துக்குள்ள இருந்திருக்கணும்!" என்று கத்தினேன். நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. கத்துகிற மும்முரத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் அவளை மாட்டு வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தான். கை கால் நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, நாடி என் விரலுக்கு அகப்படாமல் ஓடுகிறது. வேளைக்கு இரண்டு மூன்றாக, இரண்டே நாளில் பத்தையும் கொடுத்து முடித்திருக்கிறான். டாக்டர் அவளை அங்கேயே படுக்கவைத்தார். நான்கு நாள் அவள் கட்டிலை விட்டு நான் நகரவில்லை. அந்த நான்கு நாளும் மணிக்கொரு தடவை குழலை வைத்துக் கேட்டேன். நாடியின் ஓட்டம் தணிந்தது, இரண்டு சத்தமும் ஒரே சீராகக் கேட்டன. அதற்கப்புறம்தான் முனுசாமியிடம் போய், "உனக்குப் புத்தி இருக்குதா?" என்று கேட்கிற தைரியம் எனக்கு வந்தது. சுண்ணாம்பில் வெந்து வெடித்த கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நின்றான்.

"குழியில சுண்ணாம்பு கம்மியாப் போச்சுன்னா மறுநாள் ஜாஸ்தி போட்டுச் சரி பண்ணிடுவோம், நர்ஸம்மா, தோலு தாங்கும், இது தாங்காதுன்னு நீங்க சொல்லவே இல்லியே."

வீடு தேடிப் போன மாத்திரை

அதற்குப் பிறகு நான் யாரையும் நம்பவில்லை, என்னையும் சேர்த்துத்தான். மாத்திரை டப்பாவை என் பையிலேயே வைத்துக்கொண்டேன். தினம் காலையில் வேலைக்குப் போகிற வழியில் தோல் ஷாப்புத் தெருவுக்குள் புகுந்து, அவள் நாக்கில் நானே ஒரு மாத்திரையை வைத்து, தண்ணீர் ஊற்றி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகருவேன். அஞ்சலை வாசலில் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். முணுமுணுக்கட்டும். ஒருநாள் கால் மணி தாமதமாகிவிட்டது. டாக்டர் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ இங்கே நர்ஸா, இல்லே வீடு வீடாப் பால் ஊத்துறவளா?"

இனிமேல் யாருக்கு

புரட்டாசிக் கடைசியில், ஒரு மாதம் முன்னதாகவே, பட்டப்பகலில் வலி எடுத்தது. முதலில் ஒரு பெண். இருபது நிமிஷம் கழித்து, சத்தம் குறைந்து என்னைப் பதறவைத்த அந்த இடது பக்கத்துக்காரன். இரண்டும் கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாலும் அழுகையில் குறை வைக்கவில்லை. அம்மன்தான் காப்பாற்றினாள் என்று அஞ்சலை எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தாள். எனக்கும்தான் கொடுத்தாள். வாங்கித் தின்றேன்.

பத்தாம் நாள் கன்னியம்மாளைத் தாய்வீட்டுக்கு, கலவை என்கிற ஊருக்கு அனுப்பினார்கள். மூன்று மாதத்துக்கான மாத்திரையைக் கட்டி நீட்டினேன். முனுசாமி கையை நீட்டவில்லை. "அதான் புள்ளைங்க பொறந்துட்டாங்களே, இனிமே மாத்திரை யாருக்கு?" என்றான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டான். இத்தனை மாதமாக நான் ஒரு பெண்ணுக்கு மருந்து கொடுக்கிறேன் என்றே அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை! இவள் கழுத்து, இவள் உயிர் என்று தொண்டை வறளக் கத்தினேன். வண்டி கிளம்பிவிட்டது. கன்னியம்மாள் வாயே திறக்கவில்லை. எப்போதுதான் திறந்தாள்?

தை மாதம் ஒரு காலை. டிஸ்பென்சரி வாசலில் இரண்டு தோளிலும் இரண்டு குழந்தைகளைச் சாய்த்துக்கொண்டு ஒருத்தி தனியாக நின்றுகொண்டிருந்தாள். முகம் மறுபடி ஊதியிருந்தது. கலவையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறாள். நானும் அந்த வீட்டாரைப் போலவே, "பிள்ளைங்களுக்கு என்ன உடம்பு?" என்றுதான் கேட்டேன். ஒரு குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, காலியான தன் கையை நீட்டினாள். உள்ளே ரத்தினம் ஆட்டைப் பற்றிப் பேச்செடுக்காமல் டப்பாவை எடுக்கப் போனார். கம்மிப்போன குரலில் அவள் சொன்னது இதுதான்.

"அதுங்க நல்லாத்தான் கீதுங்க, இது எனக்கு, நர்ஸம்மா, எனக்குன்னு குடுங்க."

எங்கள் டிஸ்பென்சரி அலமாரியில் எத்தனையோ மருந்து எத்தனையோ தடவை தீர்ந்துபோயிருக்கிறது, நான் வேலை பார்த்த காலம் முழுக்க ஒருநாள்கூடத் தீராமல் இருந்த ஒரே சரக்கு என் கோபம்தான்.