கருணம்மா வாய் திறந்து ஜெபித்தாள்

குண்டூர் மிளகாய்க் கிடங்கில் காம்பு கிள்ளும் பெண்களிலேயே கருணம்மாவுக்குத்தான் நாக்கு நீளம். மேஸ்திரியானாலும் லாரிக்காரனானாலும் அவளிடம் வாய் கொடுத்து மீண்டவன் கிடையாது. அப்படிப்பட்டவள் இயேசு சாமி முன்னால் மட்டும் ஊமை. இருபத்திரண்டு வருடமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை. ஆனால் ஒரு நாளாவது தன் வாயால் ஜெபித்தாளா? எது வேண்டுமென்றாலும் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் பாஸ்டர் காதில் போட்டுவிடுவாள். அவர் வேதப் புத்தகத்துத் தெலுங்கில் கணீரென்று ஜெபிப்பார். கடைசியில் வரும் ஆமென் மட்டும் இவளுடையது. கிடங்கில் பேசுகிற பேச்செல்லாம் பரலோகத்தில் ஏறாது என்று முடிவு கட்டியிருந்தாள், பைத்தியக்காரி.

மார்ச் மாதம், சரக்கு மலையாகக் குவிந்திருந்த நேரம். அவள் புருஷன் தேவவரத்துக்குப் பாதத்தில் சர்க்கரைப் புண் முற்றிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம், வியாழக்கிழமை பார்த்துச் சொல்கிறோம் என்றார் டாக்டர். தேவவரம் மூட்டை தூக்கிப் பிழைக்கிறவன். கால் போனால் ஆளே போன மாதிரிதான்.

புதன்கிழமை பாஸ்டருக்கு ஒன்பது தடவை போன் போட்டாள். அவர் காக்கிநாடாவில் ஏதோ கூட்டத்தில் இருந்தார்; போன் அணைந்தே கிடந்தது.

"வதினே, நீயே கேளேன்," என்றாள் கிடங்கில் பக்கத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்த சுவார்த்தம்மா, கருணம்மாவை அண்ணி முறை வைத்துக் கூப்பிடுகிறவள். "ஊரையே வித்துட்டு வர்ற வாய். இதுக்கு மட்டும் பூட்டா?"

"எனக்கு அந்தப் பாஷை வராதுடி."

"வந்த வரைக்கும் சொல்லு. அடிக்கவா போறாரு?"

கருணம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். வருடக்கணக்காகக் கேட்ட பாஸ்டரின் ஜெபம் மனப்பாடமாக இருந்தது. அதையே பிடித்துக்கொண்டாள். "மகா பரிசுத்தமுள்ள பிதாவே, நீர் என் கையில் ஒப்புவித்த இந்த மந்தையை நான் இத்தனை வருடமாய் மேய்த்து வருகிறேன். உம்முடைய ஊழியக்காரனாகிய என்னை..."

சுவார்த்தம்மா குபீரென்று சிரித்துவிட்டாள். "எந்த மந்தை வதினே? உன் வீட்ல ஒரு கோழி கூடக் கிடையாது! ஊழியக்காரனாம்! மீசை எப்ப முளைச்சது?"

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கருணம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த நேரத்தில் அழ ஆரம்பித்தாளோ, காம்பு கிள்ளுகிறவள் செய்யவே கூடாததைச் செய்துவிட்டாள். மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயோ நைனா! செத்தேனே!" பெற்ற தகப்பனைக் கூப்பிடுகிற மாதிரி அலறினாள். "இதுவும் உன் வேலைதானா? அங்க அவரு கால அறுக்கப் பாக்குறாங்க, இங்க என் கண்ணு வேற! அந்த மனுசன் ஒரு இடத்துல உக்காந்து சாப்பிடத் தெரியாதவரு, நைனா. கால எடுத்தா உசிரையே விட்ருவாரு. எனக்குப் பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல, உன்கிட்டதான் சொல்றேன். நீ கேக்குறியா இல்லையா?"

இப்போது ஒருத்தியும் சிரிக்கவில்லை. சுவார்த்தம்மா செம்புத் தண்ணீரை அவள் முகத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

கண் எரிச்சல் அடங்க ஒரு மணி நேரம் பிடித்தது. பயம் அதற்கு முன்பே அடங்கிவிட்டது. யாரோ கேட்டுவிட்டார் என்று மனசு சொன்னது. அதற்கு மேல் அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் வரை கை காம்பைக் கிள்ள, வாய் முணுமுணுத்தபடியே இருந்தது.

வியாழக்கிழமை இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. "அந்த ரெண்டையும் விட்டிருக்கலாம்ல நைனா," என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சண்டை போட்டாள். அப்புறம் அங்கேயே சுவரில் சாய்ந்து நன்றி சொல்லி அழுதாள்.

ஞாயிறு மதியம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து தேவவரத்துக்குப் பப்புச் சாதம் பிசைந்து கொடுத்துவிட்டுத் தன் தட்டை எடுத்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"நாலு நாளா என் பாட்டையே பாடிட்டிருக்கேன், பாரு," என்றாள், ஒருவரும் இல்லாத பக்கம் திரும்பி. "நீ எப்படி இருக்க, நைனா? சாப்ட்டியா?"

ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் கருணம்மா வாயை மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்ததைத் தேவவரம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.