மாமாவின் சிவப்பு பல்பும் என் லினக்ஸ் சான்றிதழும்

1. கேத்தலால் விழுந்த சேர்வர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில், துறைமுகச் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் கந்தோரில் நான் சேர்வர் பார்க்கிறேன். இந்த வேலைக்கு வரப்போகிற தம்பி தங்கைகள் என்னைப் பெரிய படிப்பாளி என்று நினைக்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பைல் தூக்கத்தான் கந்தோருக்குள் வந்தேன். பிறகு டோனர் மாற்றினேன், கேபிள் இழுத்தேன், ஒருநாள் பார்த்தால் சேர்வர் அறைச் சாவி என் பொக்கற்றில் இருந்தது. யார் தந்தது என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

பயம் எனக்குக் கூடப்பிறந்தது. ஒரு கட்டளையை முதலில் கொப்பியில் எழுதி, மூன்று தரம் வாய்விட்டு வாசித்த பிறகுதான் என்டர் அடிப்பேன்.

ஒரு திங்கட்கிழமை காலை எல்லா ஸ்கிரீனும் ஒன்றாக உறைந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தேநீர் போடும் சிங்கள அண்ணன் சுனில் அய்யே சேர்வரின் ப்ளக்கைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் கேத்தலைச் செருகியிருந்தார்.

“அஞ்சு நிமிசம் தானே மல்லி. தண்ணி கொதிச்சதும் திருப்பிக் குடுக்கிறது.” மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

அன்று பின்னேரமே முதலாளி ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். அடுத்த குண்டு அவரிடம் இருந்தது.

“தம்பி, எங்களுக்கு வேலை தார வெளிநாட்டுக் கம்பெனி கடிதம் அனுப்பி ஈக்கிது. சேர்வரத் தொடுற ஆளுக்கு லினக்ஸ் சேர்ட்டிபிகேட் ஈக்கணுமாம். ரெண்டு மாசம் தாரன். எடுத்தா சாவி ஒங்கட. இல்லாட்டி வேற ஆள் போடத்தான் வேணும்.”

“ஹாஜியார், நான் சோதினை எழுதி இருபத்தஞ்சு வருசம்.”

“அதான் நல்லம். மறக்கிறதுக்கு ஒண்டும் இல்லயே.”

2. உதட்டுப் பயிற்சி

ஆரம்ப நிலைச் சான்றிதழ்தான். ஆனால் பரீட்சை வீட்டிலிருந்து ஒன்லைனில். கமராவில் ஒரு கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பாடப் புத்தகத்தை விட விதிமுறைகளைத்தான் அதிகம் படித்தேன். மேசை வெறுமையாக இருக்க வேண்டும். அறைக்குள் வேறு ஆள் இருக்கக் கூடாது. கேள்வியை வாய்விட்டு வாசிக்கக் கூடாது. உதடு அசைந்தாலே எச்சரிக்கை வரும்.

உதடு அசையாமல் எனக்கு மூளை வேலை செய்யாது. மனைவி வசந்தி ஒவ்வொரு பின்னேரமும் அகப்பையோடு எனக்கு எதிரே இருந்தாள். நான் கொப்பியைப் பார்த்து மனதுக்குள் படிக்க வேண்டும். அசைந்தால் மேசையில் ஒரு தட்டு.

“அசையுது.”

“அது மூச்சுவிட்டனான்.”

“மூச்சு வாயாலயோ விடுறனீங்கள்? திருப்பிப் படியுங்கோ.”

ஆறு வாரத்தில் கொப்பி மூன்று முடிந்தது. உதடு ஓரளவுக்கு அடங்கியது.

3. அறைக்குள் இரண்டாவது ஆள்

பரீட்சை சனிக்கிழமை காலை, எங்கள் வெள்ளவத்தைப் பிளாட்டின் ஹோலில். கமராவை நாலு பக்கமும் சுற்றிக் காட்டினேன். கண்காணிப்பாளர் சாட் பெட்டியில் ஆங்கிலத்தில் எழுதினார். அதன் தமிழ் இதுதான்:

“உங்களுக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார்.”

திரும்பிப் பார்த்தேன். சுவரில் மாமா. வசந்தியின் தகப்பனார், ஓய்வுபெற்ற அதிபர். மாலை போட்ட பெரிய படம், மேலே அணையாத சிவப்பு பல்பு. கலியாணம் பேச வந்த அன்று “தம்பி எதுவரைக்கும் படிச்சனீர்?” என்று கேட்ட அதே பார்வை.

“அவர் என் மாமனார்” என்று எழுதினேன்.

“அவரை வெளியே போகச் சொல்லுங்கள்.”

“அவர் காலமாகிவிட்டார்.”



“எப்போது?”

“ஏழு வருசத்துக்கு முன்.”

“அனுதாபங்கள். படத்தை அகற்றுங்கள்.”

வசந்தியைக் கூப்பிட்டேன். அவள் இடுப்பில் கை வைத்தாள்.

“அப்பாவை எங்கை வைக்கிறது? குசினிக்கை மீன் வெட்டி வச்சிருக்கு. அறைக்கை உங்கட அழுக்கு உடுப்பு. செத்தும் மனுசனை நிம்மதியா விடமாட்டியளே?”

“வசந்தி, வேலை போயிடும்.”

அவள் கதிரையில் ஏறினாள். பல்பின் சுவிட்சைத் தட்டினாள். என் ஸ்கிரீனில் பரீட்சை மறைந்தது.

இந்த இடத்தில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் வெளியே போகும்போது எல்லா சுவிட்சையும் அணைப்பார்கள். மாமாவின் பல்பை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அதனால் நாலு வருசத்துக்கு முன் வைஃபை ரவுட்டரை நான்தான் அந்த லைனில் கொடுத்தேன். ஒருநாள்கூட நின்றதில்லை. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுகிற நான் அதை மட்டும் எழுதவில்லை. அவளுக்கும் சொல்லவில்லை.

“போடு! போடு! சுவிட்சைப் போடு!”

“பல்பை நிப்பாட்டாமல் அப்பாவை எப்பிடியப்பா கழட்டுறது?”

“பல்பு எரியட்டும், அப்பா மட்டும் போகட்டும்!”

அவள் சுவிட்சைத் திருப்பிப் போட்டாள்; ரவுட்டரின் பச்சை லைட் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லகாலம், கண்காணிப்பாளர் மறுபடி உள்ளே எடுத்தார். இன்னொரு தரம் அறுந்தால் பரீட்சை ரத்து என்றார். வசந்தி மாமாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். வெறும் சுவரில் பல்பு மட்டும் எரிந்தது.

4. படிக்கட்டில் மாமா

ஒன்றரை மணித்தியாலம். நடுவில் ஒரு கேள்வி: ஒரு டிஸ்கைக் கழற்றப் போனால் ‘பாவனையில் இருக்கிறது’ என்று சிஸ்டம் மறுக்கிறது, யார் பாவிக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதடு அசைகிறது என்று உடனே எச்சரிக்கை வந்தது. விடை நான் கொப்பியின் இரண்டாம் பக்கத்திலேயே எழுதிப் படித்ததுதான்.

கடைசியில் ஸ்கிரீனில் ‘பாஸ்’ என்று விழுந்தது. மூன்று தரம் வாய்விட்டு வாசித்தேன். பிறகு கதவைத் திறந்தேன்.

படிக்கட்டில் வசந்தி, மடியில் மாமா. பக்கத்தில் மேல்மாடிப் பரமேஸ் அக்கா தேத்தண்ணிப் பிளாஸ்கோடு, கண் கலங்கி. கீழ்ப்படியில் தெரியாத இரண்டு பேர், செத்த வீட்டுக்கு வந்தவர்கள் போலக் கையைக் கட்டிக்கொண்டு.

“அக்கா வந்ததிலயிருந்து சொல்லுறன், உள்ளுக்கை சோதினை நடக்குதெண்டு” என்றாள் வசந்தி. “அவ கேக்கிறா இல்லை.”

“செத்தவருக்கு என்ன பிள்ளை சோதினை?” என்றார் அக்கா.

“நான் பாஸ்” என்றேன்.

வசந்தி படத்தைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். “அப்பாட்டைச் சொல்லுங்கோ.”

சொன்னேன். பார்வை மாறவில்லை.

5. படித்துக்கொண்டது

ஒன்றைக் கழற்ற முன் அதில் வேறு என்ன தொங்குகிறது என்று பாருங்கள். நீங்களே தொங்கவிட்டதை எழுதி வையுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். அவ்வளவுதான் பாடம்.

மற்றப்படி, ஹாஜியார் என் சான்றிதழை என் போட்டோவோடு சேர்த்துச் சட்டம் போட்டு சேர்வருக்கு மேலே மாட்டினார். நான் மருதானையில் ஒரு சின்னச் சிவப்பு பல்பு வாங்கி அதற்கு மேலே பூட்டினேன். சேர்வர் இருக்கிற அதே ப்ளக்கில். இந்தத் தரம் கொப்பியில் எழுதினேன்.

போன மாதம் பார்சல் கொண்டுவந்த புதுப் பையன் அதைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

“ஐயோ, எப்ப சார் காலமானவர்?”

“ஆள் ஒனக்குப் பின்னாலதான் நிக்கிறார்” என்றார் ஹாஜியார்.

சுனில் அய்யே இப்போது கேத்தலை வராந்தாவில் வைக்கிறார். அந்த ப்ளக்கை இன்றுவரை ஒருவரும் தொடவில்லை.